உபயம் இல்லாத ஊஞ்சல்

ஜூலை 15, செவ்வாய்

காலையிலிருந்தே புகைமூட்டம். எதிர்க்கடை போர்டுகூட மங்கல். தொண்டை கரகர. வாசலில் போட்டிருந்த நாற்காலிகளை உள்ளே இழுத்தாச்சு, இல்லாவிட்டால் தூசி துடைத்தே பொழுது போகும்.

பத்தரைக்கு லோரி. பிரிக்பீல்ட்ஸ் பின்சந்து அம்மன் கோயில் ஊஞ்சல். இவர்தான் போய் ஏற்றிக்கொண்டு வந்தார். பின்னாலேயே காரில் கோயில் ஆட்கள் இரண்டு பேர். தலைவர் சிவலிங்கம் அண்ணன், செயலாளர் தனபாலன். தனபாலன் இறங்கியதும் என்னைத் தாண்டிக் கடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"பாஸ் இல்லையா?"

"நான்தான்."

"இல்ல, பாலிஷ் போடறவரு?"

"அதுவும் நான்தான். லோரி ஓட்டிட்டு வந்தாரே, அவரு என் வீட்டுக்காரரு. தூக்க, வைக்க அவரு. மரத்துல கை வைக்கிறது நான்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கிள்ளானில் கடை போட்டு தலை நரைத்துவிட்டது, இன்னும் பாஸைத் தேடுகிறார்கள்.

ஊஞ்சல்: ஆறடிப் பலகை, ஒரே துண்டு, தேக்கு. நாலு பித்தளைச் சங்கிலி. பின்பக்கம் சாய, கடைந்த மரக்கம்பி வரிசை. பார்க்க ஏதோ கரி மூட்டை மாதிரி. முன்விளிம்பு முழுக்கச் சிவப்பு எனாமல், அதில் மஞ்சள் எழுத்து: உபயம், அமரர் கந்தையா குடும்பத்தினர்.

மூன்றாவது ஆடி வெள்ளிக்கு அம்மன் இதில் உட்கார வேண்டும். சிவலிங்கம் அண்ணன் தனியாக வந்து சொன்னது: "தங்கச்சி, எல்லாத்தையும் எடுத்துடு. சுத்தமா இருக்கணும். இது சரியா வரலன்னா தனபாலன் புது ஊஞ்சல் வாங்கித் தர்றேங்கிறான். ஸ்டெயின்லெஸ், தங்கக் கலரு. இது ஸ்டோருக்குப் போயிடும்."

ஸ்டோர் என்றால் கோயில் பின்பக்கம், லோங்காங் சாக்கடை ஓரம், தகரக் கூரை. கறையான் ஒரு வருஷத்தில் தின்று தீர்த்துவிடும்.

இந்த மாதிரிப் பலகை இனி காசு கொடுத்தாலும் வராது. பார்த்ததுமே மனசு அதன்மேல் உட்கார்ந்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளவில்லை. வியாபாரம்.

ஜூலை 16, புதன்

சிவலிங்கம் அண்ணனுக்கு வாட்ஸ்அப் மெசேஜ். "எல்லாத்தையும்னா பெயிண்டையும் சேர்த்தா?" என்று கேட்டேன். "பெயிண்டையும்தான். மரம் தெரியணும்" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். அந்த மெசேஜை அழிக்கக்கூடாது என்று எழுதி வைக்கிறேன். கோயில் வேலையில் நேற்று சொன்னது இன்று யாருக்கும் சொன்னதாக ஞாபகம் இருக்காது.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒண்ணு. வீட்டில் தேங்காய்ப் பாயசம், இவர் மூன்று டம்ளர். சுகர் டெஸ்ட் அடுத்த வாரம். ஏறும் என்று சொல்லிப் பார்த்தேன்.

ஊஞ்சலிலிருந்து இன்று எடுத்தது:
- செல்லோடேப், அடுக்கடுக்காக
- ஸ்டேப்ளர் பின், ஒரு கைப்பிடி
- பலூன் வால் ஒன்று (பலூன் எதற்கு?)
- மெழுகுவர்த்திச் சொட்டு
- சந்தனம், காய்ந்து சிமெண்ட் ஆனது
- கற்பூரம் எரிந்த கருப்பு வட்டங்கள். தட்டு வைக்காமல் நேராகப் பலகையில்.
- இரண்டு அங்குல ஆணி. துருப்பிடித்து, சுற்றி மரம் மை கொட்டின மாதிரி.

யார் அடித்தார்கள் இந்த ஆணியை? தோரணம் கட்டவாம். கயிறு என்று ஒரு பொருள் உலகத்தில் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலே எண்ணெய். வருஷா வருஷம் ஆடிக்கு முன் நல்லெண்ணெய் போட்டுத் துடைப்பார்களாம், மினுங்க வேண்டும் என்று. மினுங்குவது ஒரு நாள். மறுநாள் எண்ணெயில் தூசி உட்காரும், தூசி மேல் அடுத்த வருஷ எண்ணெய். இதைப் பக்தி என்று சொன்னால் நான் என்ன சொல்வது. மரத்துக்கு அது அடுப்புப் புகை படிந்த சமையல்கட்டுச் சுவர்.

டர்பன்டைன் நனைத்த துணி. துடை, திருப்பு, தூக்கிப் போடு. பனியன் துணி மூட்டை பாதி காலி. சாயங்காலம் ஒரு சாண் அளவு மரம் தெரிந்தது. தேன் கலர். இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நல்லாருக்கு பாரு."

இவர் வாயிலிருந்து இவ்வளவு வந்தால் பெரிய விஷயம்.

அடிப்பக்கம் யாரும் பெயிண்ட் அடிக்காத இடத்தில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். பஞ்சு பழுப்பாகி ஒட்டிக்கொண்டது. ஸ்பிரிட்டில் கரைகிறது. ஆக, முதல் பாலிஷ் ஷெல்லாக். நானும் ஷெல்லாக்தான் போடப்போகிறேன். இருந்ததையே திருப்பிக் கொடுப்பது. பிரச்சினை இல்லை என்று நினைத்தேன்.

ஜூலை 19, சனி

முன்விளிம்பு எனாமல். ஸ்ட்ரிப்பர் தடவி, பிளாஸ்டிக் தகட்டால் மெதுவாக வழித்தேன். கையுறை, மாஸ்க். பழைய பெயிண்ட், என்ன விஷம் கலந்திருக்கிறார்களோ.

சிவப்பு சுருண்டு வந்தது. கந்தையா குடும்பத்தினர் போனார்கள். கீழே பச்சை. பச்சையில் வெள்ளை எழுத்து: உபயம், லாண்டரி மாணிக்கம். அதுவும் போனது. கீழே நீலம்: உபயம், ஓவர்சியர் என்று மட்டும் தெரிந்தது, பேர் அரித்துவிட்டது. நீலத்துக்குக் கீழே மரம்.

மரத்தில் ஒன்றும் இல்லை. எழுத்து இல்லை, கோடு இல்லை. முதலில் இதைக் கொடுத்தவர் யாரோ, பேர் போடவில்லை. அப்புறம் வந்தவர்கள் சங்கிலி மாற்றினதற்கு ஒரு பேர், பெயிண்ட் அடித்ததற்கு ஒரு பேர். முன்னால் இருந்தவன் பேர் மேலேயே.

கோயிலில் டியூப்லைட்டில் பேர் எழுதி எழுதி வெளிச்சமே வராததைப் பார்த்திருக்கிறேன். மின்விசிறி இறக்கையில் பேர். சுற்றினால் யார் படிப்பார்கள்?

மத்தியானம் சரியாக அந்த நேரம் பார்த்துத் தனபாலன். பந்திங் போகிற வழியாம். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எங்கப்பா பேரு எங்கக்கா?"

"பெயிண்ட எடுத்தாச்சு அண்ணே. தலைவர் சொன்னாரு."

"எங்கப்பா பேர அழிக்கச் சொன்னாரா?"

வாய்ஸ் மெசேஜை அப்படியே போட்டுக் காட்டினேன். கேட்டார். முகம் கறுத்தது.

"அது பெயிண்டு இல்ல, பேரு. வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு?"

"உங்கப்பா பேருக்குக் கீழ மாணிக்கம்னு ஒருத்தர் இருந்தாரு. அவரு மேல பூசும்போது அவரு பிள்ளைங்ககிட்ட யாராச்சும் கேட்டாங்களா?"

போகும்போது "அக்கா" போய் "மேடம்" ஆகிவிட்டது. "பார்ப்போம் மேடம்" என்றார்.

பார்க்கட்டும்.

ஜூலை 21, திங்கள்

காலை எழுந்ததும் வாட்ஸ்அப். கோயில் குரூப்பில் வந்ததைப் பூக்கட்டும் லெட்சுமி அக்கா எனக்கு அனுப்பியிருக்கிறார். தனபாலன் போட்டது. ஒரு பூச்சிப் படம், பெரிதாக. கீழே: "அன்பர்களே, ஷெல்லாக் என்பது பூச்சியின் கழிவு. சைவக் கோயில் ஊஞ்சலில் அசைவப் பாலிஷா? அம்மனை இதில் அமர்த்தலாமா? சிந்திப்பீர்."

அதன் கீழே கும்பிடும் கை, இருபது முப்பது.

டீ ஆறிப்போனது. அசைவப் பாலிஷ். கடை வைத்த நாளிலிருந்து மேசைக்கு யாரும் சைவமா அசைவமா என்று கேட்டதில்லை. அரக்கு என்று சொன்னால் கும்பிடுவார்கள், ஷெல்லாக் என்றால் பூச்சி. இரண்டும் ஒன்றுதான் ஐயா. பூச்சி மரத்தில் சுரக்கிற பிசின். நம் தாத்தன் பூட்டன் வளையல் செய்தது, பொம்மைக்குப் பூசினது எல்லாம் அது.

சிவலிங்கம் அண்ணன் போன்: "தங்கச்சி, வேற பாலிஷ் இல்லையா? ஸ்ப்ரே அடிக்கிறாங்களே, பளபளன்னு."

"அண்ணே, இந்தப் பலகை குடிச்சிருக்கிற எண்ணெய்க்கு அந்த ஸ்ப்ரே ஒட்டாது. ஒட்டினாலும் அடுத்த ஆடிக்குள்ள உரிஞ்சு தொங்கும். உரிச்சு எடுக்கிறதுக்குள்ள என் உயிரு போயிடும். இது அப்படி இல்ல. தண்ணி பட்டு வெள்ளையானா துணியில துளி ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சா போயிடும்."

"எனக்குப் புரியுது. கமிட்டிக்குப் புரியணுமே. வியாழக்கிழமை கூட்டம். வந்து சொல்லிட்டுப் போ."

"வேணாம்னு சொல்லிட்டா?"

"ஸ்டெயின்லெஸ் ஆர்டர் போட்டுடுவான். படம்கூடக் காட்டிட்டான்."

ஜூலை 22, செவ்வாய்

மழை, ஒரு வழியாக. புகை அடங்கியது. வேலை ஒன்றும் இல்லை. கூட்டம் முடியாமல் பாலிஷ் தொட முடியாது, தொட்டாலும் இந்த ஈரத்தில் வெள்ளை பூத்துவிடும்.

ஹார்ட்வேர் கடை முதலாளி தவுக்கேயிடம் ஷெல்லாக் செதில் வாங்கப் போனேன். கதையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது அவனுக்கு. "அம்மா, மிட்டாய் மேல பளபளன்னு இருக்கே, அதுவும் இதான் லா."

வீட்டில் பேரப்பிள்ளையின் மிட்டாய் டப்பாவை எடுத்துப் பார்த்தேன். என்னென்னவோ நம்பர். இருக்கும்.

ஆணிக் கறைக்கு மருந்து வைத்து இரண்டு தரம் கழுவி எடுத்தேன். கொஞ்சம் நிழல் இருக்கிறது. இருக்கட்டும். வயசான மரம், முகத்தில் ஒரு மச்சம்.

ஜூலை 24, வியாழன்

கூட்டம். எழுதி முடித்தால்தான் சோறு இறங்கும்.

கோயில் மண்டபம், பிளாஸ்டிக் நாற்காலி, மைலோ. கமிட்டி ஆட்கள் எட்டுப் பத்துப் பேர். நான், கதவோரம் இவர். லோரிச் சாவியைச் சுழற்றிக்கொண்டு. லெட்சுமி அக்கா ஒரு மூலையில் மல்லிகை கட்டிக்கொண்டு, காது மட்டும் எங்கள் பக்கம்.

தனபாலன் பூச்சிப் படத்தை பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்து கொண்டுவந்திருக்கிறார். லேமினேட். அந்த மனுஷனின் ஆர்வத்தை மெச்ச வேண்டும்.

"எனக்கு யார் மேலயும் கோபம் இல்ல. ஆகமம்னு ஒண்ணு இருக்கு" என்று ஆரம்பித்தார்.

நான் பஞ்சை எடுத்து மேசையில் வைத்தேன். பழுப்புக் கறை. "இது உங்க ஊஞ்சலோட அடிப்பக்கம் தொட்டது. ஆரம்பத்துலேர்ந்தே இதே அரக்குதான். உங்கப்பா இருந்தப்பவும் அம்மன் இதுலதான் உட்கார்ந்தாங்க."

"தெரியாம உட்கார்ந்திருக்கலாம்."

"அம்மனுக்குத் தெரியாதா?"

ஒருவர் சிரித்தார். தனபாலன் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். ஸ்ப்ரே பற்றிச் சொன்னேன், எண்ணெய் பற்றிச் சொன்னேன். தலையாட்டினார்கள், ஆனால் கண் எல்லாம் அந்தப் பூச்சிப் படத்தின் மேல். தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன். கோபத்தில் மைலோ கப்பைக் கீழே வைத்துவிட்டேன்.

அப்போது கதவோரத்திலிருந்து இவர்.

"சார், ஒரு டவுட்டு."

கூட்டத்தில் பேசினதே இல்லை இந்த மனுஷன். மகள் கல்யாணத்தில் நன்றி சொல்லக்கூட நான்தான் எழுந்தேன்.

"அன்னிக்கு அம்மனுக்குப் பட்டு கட்டுவீங்கள்ல? அது எந்த மரத்துல காய்க்குது?"

லெட்சுமி அக்கா பூவைக் கீழே வைத்துவிட்டார். "தேனாபிஷேகம் வேற இருக்கு" என்றார், யாரையும் பார்க்காமல்.

மண்டபமே சிரித்தது. சிவலிங்கம் அண்ணன் மேசையைத் தட்டி, "சரி, அரக்கே போடட்டும். அடுத்த விஷயம், பார்க்கிங்" என்றார்.

தனபாலன் சிரிக்கவில்லை. லேமினேட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு என் பக்கம் வந்தார். "பாலிஷ் உங்க இஷ்டம். எங்கப்பா பேரு திரும்ப வரும். அது என் இஷ்டம். எங்கம்மா வருஷா வருஷம் அந்த எழுத்தைத் தொட்டுக் கும்பிடுவாங்க. அவங்களுக்கு நீங்க பதில் சொல்வீங்களா?"

ஆறின மைலோவை எடுத்துக் குடித்தேன். அதுவே ஆத்திரம்.

லோரியில் வரும்போது இவரிடம், "எப்படிங்க தோணுச்சு?" என்றேன்.

"ஒவ்வொரு தீபாவளிக்கும் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுல உன் பட்டுப்பையைத் தூக்கறவன் நான்தானே."

ஜூலை 26, சனி

நல்ல வெயில், காற்று. முதல் பூச்சு. மெல்லிசாக. காய்ந்ததும் அடுத்தது. அவசரப்பட்டால் கீழ்ப்பூச்சை இழுத்துக்கொள்ளும்.

வாடிக்கையாளர் ஒருத்தி, அம்பாங்கிலிருந்து. அலமாரி பார்க்க வந்தாள், ஊஞ்சலைப் பார்த்து நின்றுவிட்டாள். "விலைக்கா ஆன்டி?" இல்லை என்றேன். "கேஃபேல வெச்சா சூப்பரா இருக்கும்." அவளிடமும் கோபம் வந்தது. இந்த வாரம் எல்லோரிடமும் வருகிறது.

ஜூலை 29, செவ்வாய்

கடைசிப் பூச்சு நேற்று. இன்று மெழுகு, தேய்த்து எடுத்தது. கை வலி. கண்ணாடி மாதிரிப் பளபளப்பு இல்லை, வேண்டியதும் இல்லை. உள்ளேயிருந்து வெளிச்சம் வருகிற மாதிரி இருக்கிறது. வெறும் கையால் தடவினேன். இன்னொரு தரம் தடவினேன்.

வழக்கம்போல அடிப்பக்கம் கடை ஸ்டிக்கர் ஒட்டியாச்சு. மின்சாரக் கட்டணம் கட்ட வேண்டும். இவர் சுகர் ரிப்போர்ட்: சொன்னேன் இல்லையா.

ஜூலை 31, வியாழன்

ஊஞ்சலைக் கொண்டுபோய் மாட்டியாச்சு. எழுதவே வெட்கமாக இருக்கிறது, எழுதுகிறேன்.

காலை போனால் தனபாலன் தயார். கையில் பித்தளைத் தகடு, அப்பா பேர் வெட்டினது. நாலு ஸ்க்ரூ, டிரில். முன்விளிம்பில், நடுவில்.

"துளை போடாதீங்க" என்றேன். "பேர் வேணும்னா சுவத்துல வைங்க. ஊஞ்சல் அம்மனுக்கு. உட்கார்றவங்க பேர்கூட அதுல இல்ல, உங்களுக்கு எதுக்கு? முதல்ல குடுத்தவரே பேர் போடல."

நன்றாகத்தான் பேசினேன். லெட்சுமி அக்கா, மற்ற பெண்கள், ஐயர்கூட நின்று கேட்டார். சிவலிங்கம் அண்ணன் வழக்கம்போல் யார் பக்கமும் இல்லாமல் கூரையைப் பார்த்தார்.

தனபாலன் சங்கிலிக் கொக்கி சரியாக விழுந்ததா என்று பார்க்கக் குனிந்தார். குனிந்தவர் எழவில்லை. பலகைக்கு அடியிலிருந்து குரல் மட்டும்:

"மேடம், இது என்ன?"

மஞ்சள் ஸ்டிக்கர். 'பார்வதி பழைய மரச்சாமான், வாங்க விற்க புதுப்பிக்க.' போன் நம்பரோடு.

"அது... எல்லாத்துக்கும் ஒட்டறது."

"அம்மன் ஊஞ்சலுக்கும்? எங்கப்பாவாச்சும் போன் நம்பர் போடல."

லெட்சுமி அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். ஐயர் மணியைத் துடைக்கப் போய்விட்டார். இவர் தரையைப் பார்த்தார், தோள் மட்டும் குலுங்கியது.

என்ன ஆத்திரம். அடிப்பக்கம், யார் கண்ணிலும் படாத இடம், தொழில் செய்கிறவளுக்கு அந்த அளவுகூட இல்லையா? ஒரு ஸ்டிக்கர் துளை போடுமா? இதெல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. வந்து நின்றுவிட்டது. அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை என்பதுதான் தாங்கவில்லை.

தரையில் உட்கார்ந்து, தலையை உள்ளே விட்டு, நகத்தால் உரித்தேன். நல்ல கோந்து, சுலபத்தில் வராது. பாதி கிழிந்தது. இப்படி அழுத்தித் தேய்க்க ஸ்பிரிட் கூடாது, பாலிஷ் போய்விடும். டர்பன்டைன் தொட்டுத் துடைத்து, எழுந்து, சுருண்ட ஸ்டிக்கரை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"என் பேரு போச்சு. இப்ப உங்க இஷ்டம்."

டிரில் கையில். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். டிரிலைக் கீழே வைத்தார். பிறகு தகட்டைச் சட்டைப்பையில் போட முயன்றார், பெரிசு, போகவில்லை. லெட்சுமி அக்காவிடம் கொடுத்தார். "சுவத்துல எங்கயாச்சும்."

அவ்வளவுதான்.  வரும் வழியெல்லாம் இவர் சிரித்துக்கொண்டே ஓட்டினார். இறக்கிவிட்டு நடந்து வரச் சொல்லலாமா என்று இருந்தது.

ஆகஸ்ட் 1, மூன்றாம் ஆடி வெள்ளி

கூட்டம். வெக்கை. அம்மனுக்கு அரக்குச் சிவப்புப் பட்டு. இரண்டு பூச்சியும் ஒன்றாக ஆடின, யாரும் மயங்கி விழவில்லை.

மல்லிகைச் சரத்துக்கு நடுவே பலகை நன்றாகத் தெரிந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெண் கேட்டாள், "புதுசா வாங்கினாங்களா அக்கா?" பழசுதான் என்றேன். "யாரு செஞ்சது?" வாயை மூடிக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு இன்றுதான் தெரியும்.

தனபாலன் தன் அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். அந்த அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது போல. கையை நீட்டி முன்விளிம்பைத் தொட்டார். எழுத்து இருந்த இடம். விரல் போனது, வந்தது, தேடியது. நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன்.

"வழவழன்னு இருக்குய்யா" என்றார் அந்த அம்மா.

"ஆமாம்மா" என்றார் தனபாலன். பேரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மா விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

தனபாலன் மேல் கோபம் இன்னும் இருக்கிறது. கொஞ்சம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கடை விடுமுறை. துணி துவைத்தது. மத்தியானம் தெரியாத நம்பர்.

"அக்கா, தனபாலன். யாரோ ஈரத் தேங்காயை அப்படியே பலகை மேல வெச்சிட்டாங்க. வெள்ளையா வட்டம். துடைச்சா போகல."

திரும்பவும் அக்கா.

"எண்ணெய் போட்டீங்களா?"

"போட வந்தாங்க. நான் விடல."

"கை வைக்காதீங்க. வர்றேன்."

"அந்தப் பூச்சிப் பாலிஷ்... அது கொஞ்சம் எடுத்துட்டு வந்துடுங்க."

இவர் லோரியை எடுக்கப் போயிருக்கிறார். பையில்: ஸ்பிரிட், பனியன் துணி, பூச்சிப் பாலிஷ் சின்ன பாட்டில், மெழுகு. ஸ்டிக்கர் கட்டை எடுத்தேன். மேசை டிராயரிலேயே திரும்ப வைத்துவிட்டேன்.